மஞ்சள் விளக்கின் மேல் சந்தனப் பொட்டு

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த அஞ்சல்வழிக் கல்வி மையத்தில் சர்வர் அறைக்கு மாமாதான் பொறுப்பு. சொந்த மாமா இல்லை, லேப் அசிஸ்டென்ட். அவர் மனைவி அங்கே தமிழ் ஆசிரியை. ஒலிப்பாடங்கள் எல்லாம் அந்த அக்காவின் குரல்தான். அக்கா புற்றுநோயில் போன பிறகு, மாமா தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாடமாவது கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். வீட்டில் அக்கா பேசிய கேசட் ஒன்றுகூடக் கிடையாது. பாடங்களின் சிடிகளெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. மிஞ்சியது சர்வரில் இருந்தது மட்டும்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க மேலிடத்தில் ஒரு டிஸ்க் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் என்னைக் கடலூருக்கு, செம்மண்டலம் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே சர்வரைப் பார்த்துக்கொள் என்றார்கள். நெட் லைன் இருந்தால்தானே பார்ப்பது! இருந்தால், கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால் போதும்; ஃபேன் ஓடுகிறதா, சூடு எவ்வளவு, டிஸ்க் எப்படி இருக்கிறது, எல்லாம் சொல்லிவிடும். பாதி நாள் லைன் செத்துக் கிடக்கும். அதனால் மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன், "மஞ்சளா லைட் எரிஞ்சா ஒடனே போன் பண்ணுங்க."

காலையில் தவறாமல் கூப்பிடுவார். "எல்லாம் பச்சதான் மாப்ள. ஒங்க அக்கா நல்லா இருக்கா."

ஆயுத பூஜை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. லைன் போயே போய்விட்டது. மாமாவின் போன் மட்டும் வந்தது, பச்சை என்று. ஒருவழியாக லைன் வந்ததும் கட்டளை அடித்துப் பார்த்தேன். மூன்று டிஸ்கில் ஒன்று செத்து வாரக்கணக்காகியிருந்தது. இன்னொன்றில், கட்டளை அடிக்க அடிக்கப் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஒன்று போனால் மற்ற இரண்டும் தாங்கும். இரண்டாவதும் போனால் அவ்வளவுதான். அக்காவின் பாடங்களையாவது என் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடலாம் என்று பார்த்தேன். பாழாய்ப்போன லைன் மறுபடியும் அறுந்தது. இந்த மனுஷனுக்குக் கண் அவிஞ்சா போச்சு என்று திட்டிக்கொண்டே திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினேன்.

சர்வர் அறைக்குள் நுழைந்தபோது மாமா ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். "காலையிலேர்ந்து அவ பேசல மாப்ள."

சர்வரைப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்கின் முகத்திலும் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம். மஞ்சள் விளக்கு இருக்கும் குண்டூசித் தலை அளவு இடத்தின் மேலேயே அப்பியிருந்தது; பக்கத்தில் பச்சை மட்டும் தெரிந்தது. எரியாதபோது அங்கே விளக்கு இருப்பது யாருக்குத் தெரியும்? அவருக்கு நான் காட்டியதும் இல்லை.

தெரிந்த கட்டளையெல்லாம் அடித்தேன். இரண்டாவது டிஸ்கும் போய்விட்டது. "முடியாது மாமா," என்றேன்.

மாமா துண்டை நனைத்து வந்து டிஸ்குகளைத் துடைத்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்ததும் இரண்டு இடத்தில் மஞ்சளாக மினுங்கியது.

"இங்க லைட்டு இருக்குதா மாப்ள?"

"இப்பதான் எரியுது மாமா," என்று பொய் சொன்னேன்.

அவர் தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குன்னுதான் வெச்சேன்," என்றார்.