யாரையும் நம்பாத அம்மா

போன வாரம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பார்மசிக்குப் போயிருந்தேன். வழக்கமான பிரஷர் மாத்திரைதான். கடைக்காரர் எடுத்து வைத்ததும் அட்டையைத் திருப்பித் திகதியைப் பார்த்தேன். டொக்டர் எழுதிய துண்டோடு பெயரை ஒப்பிட்டேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை...

கடைக்காரர் சிரித்துவிட்டார். “நீங்க அந்த அம்மாட மகன்தானே? அவங்க வந்தா நான் டேட்டை முதல்லயே காட்டிருவேன். இல்லாட்டி கடையையே செக் பண்ணிட்டுத்தான் போவாங்க.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா போய் ஒரு வருடமாகிவிட்டது. ஆட்டைத் திவசமும் போன மாதம் முடிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் அம்மாவின் அறிவுத் தாகத்தைப் பற்றியே பேசினார்கள். வயது போயும் படித்துக்கொண்டே இருந்தவர் என்று ஒரு மாமா கண்கலங்கினார். நானும் சபை நாகரிகத்துக்குத் தலையாட்டி வைத்தேன்.

ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்வதற்கென்ன? தாகமாவது ஒன்றாவது! அம்மாவுக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் படித்தார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அப்பாவுக்குக் கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், வேலை கிடைத்ததால் இங்கே வந்தவர். வந்த புதிதில் அக்காவின் பள்ளிச் சீருடையைத் தைக்கக் கொடுத்திருக்கிறார். கொடுத்த துணிக்கும் வந்த சட்டைக்கும் கணக்கு உதைத்தது. மிச்சத் துணி எங்கே? தையற்காரர் சிரித்து மழுப்பினார். அடுத்த மாதமே அம்மா தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுத் துணி எதுவும் வெளியே தைக்கப் போனதில்லை.

எனக்கு ஆறேழு வயதில் கடும் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டொக்டரும் நேர்ஸும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சிங்களத்தில் நெடுநேரம் பேசினார்கள். அம்மாவுக்கு அப்போது சிங்களத்தில் காய்கறி விலை கேட்க மட்டும்தான் தெரியும். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைப் பிடித்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். ‘ஒன்றுமில்லையாம்’ என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவ்வளவு நேரம் பேசிவிட்டு ஒன்றுமில்லையா? அம்மாவுக்கு அது தொண்டையில் முள்ளாய் நின்றது. எனக்குக் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முதலாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தை இரவல் வாங்கினார். பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அம்மாவும் போனார். சில வருடங்களில் கண்டி மார்க்கெட்டில் அம்மா சிங்களத்தில் பேரம் பேசினால் நாங்கள் கொஞ்சம் தள்ளி நிற்போம்... அவ்வளவு வெட்கம்!

ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது. வளர்ந்த பிறகு அக்காவும் நானும் ரகசியங்களை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். ஒருநாள் டியூஷனைக் கட் அடித்துவிட்டு மெட்ச் பார்க்கப் போவதாகச் சாப்பாட்டு மேசையில் திட்டம் போட்டேன். அம்மா எனக்குச் சோறு போட்டபடியே, “நோ மெட்ச். டியூஷன் ஃபர்ஸ்ட்” என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. மாலையில் கோயிலுக்கு என்று போனவர் ஆங்கில வகுப்புக்கும் போய் வந்தது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

ஸ்மார்ட் போன்? பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் மறைத்துவிடுவோம் என்ற சந்தேகம். வீடியோ கோலில் வந்து பிள்ளையை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

இப்படிப்பட்டவருக்கு வயிற்றில் வலி வந்தது. பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் அக்காவையும் என்னையும் வார்டுக்கு வெளியே அழைத்தார். இளம் வயது, சிங்களவர். என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். தோளில் கை வைத்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். புற்றுநோய். பிந்திவிட்டது. மாதக்கணக்குத்தான்.

இவ்வளவு பக்குவமான டொக்டரா என்று அந்த நிலையிலும் வியந்தேன். அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, தான் இனி எதுவும் சொல்லப் போவதில்லை என்றார்.

நம் குடும்பங்களில் இது வழக்கம்தானே? நோயாளியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் சிக்கல் வேறு. எந்த மொழியில் மறைப்பது? மூன்றும் அம்மாவுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவார். கன்டீனில் ஆறிப்போன தேநீரை வைத்துக்கொண்டு, அம்மா கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் இன்டர்வியூவுக்குப் போகிறவன் மாதிரி பதில் தயாரித்தேன். எழுந்து வார்டுக்குள் போனேன்.

“அம்மா, வயித்திலை சின்னப் புண்தானாம். மருந்திலை மாறிடுமாம்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“ஓம் தம்பி. நீ சொன்னால் சரிதானே.”

அவ்வளவுதான். ரிப்போர்ட் எங்கே என்று கேட்கவில்லை. என்ன மருந்து என்று கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. கொடுத்த மாத்திரையை அப்படியே வாங்கி விழுங்கினார். அட்டையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க யாரையும் நம்பாத மனுஷி திடீரென்று என்னை நம்புவாரா? ஒருநாள் நாவலப்பிட்டியிலிருந்து பார்க்க வந்த ஒரு சித்தி, என்ன வருத்தம் என்று துருவித் துருவிக் கேட்டார். நான் பக்கத்து அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னப் புண்தான், பிள்ளைகள் டொக்டரோடு பேசிவிட்டார்கள் என்று அம்மா தெளிவாகச் சொன்னார். என் பொய்யை என்னைவிடத் திருத்தமாகச் சொன்னார்.

கடைசி வரை நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நம்பினாரா, இல்லையா? தனியாகத் தனக்குள் வைத்துப் புழுங்கினாரா? மனம்விட்டு அழக்கூட இடம் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனா? இந்த ஒரு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி இதுதான்.

பார்மசியிலிருந்து வந்த அன்றைக்கு, மனசு கேட்காமல் அக்காவுக்கு போன் எடுத்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

“தம்பி, அம்மா எங்களுக்கு முந்தியே டொக்டரைக் கேட்டிட்டா. சிங்களத்திலை, ஒண்டும் விடாமல். மகன் பயந்தவன், இருத்தி வைச்சு மெல்லச் சொல்லுங்கோ எண்டு அவருக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்.”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“வீட்டை வந்த அண்டைக்கு நான் தண்ணி வாத்துக் குளிப்பாட்டேக்கை சொன்னவ. என்ரை கையைப் பிடிச்சு நல்லா அழுதவ. பிறகு, தம்பி பாவம், நான் நம்பிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும், நீ காட்டிக் குடுத்திடாதை எண்டவ.”

ஆக, அம்மா அழுதிருக்கிறார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். போனைப் பிடித்தபடியே நானும் அழுதேன். கவலை பாதி, ஆறுதல் பாதி. கொஞ்சம் கோபமும்தான்... டொக்டர், அம்மா, அக்கா என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்!

சொல்லுங்கள், சொந்த வீட்டிலேயே யாரைத்தான் நம்புவது?