மிச்ச அணுக்கள்

கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் ஆய்வகத்தில், புற்றுநோயாளியின் ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்களை மிகக் குறுகிய குழாயில் செலுத்துவோம். நெளிந்து நுழையும் மெத்தென்ற அணுக்களைச் சிகிச்சைக்கு எடுப்போம், விறைப்பானவற்றை ஒதுக்குவோம்.

பெஹாலாவிலிருந்து வந்த தமிழ்ப் பெரியவருக்கும், அவர் மனைவியின் ரத்தம் எங்களிடம் இருந்தபோது, இதைச் சொல்லியிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். "கோயிலா சார்?" என்று சிரித்திருக்கிறேன்.

சிகிச்சை பலிக்காமல் அந்த அம்மா போன பிறகும் வந்தார்.

"ஏம்மா, ஒதுக்கினதைக் குடுங்களேன். அஸ்தியோட கங்கையில கரைச்சுடறேன்."

"அதை அன்னைக்கே அழிச்சுடுவோம் சார்."

"அவ ரொம்பப் பிடிவாதக்காரிம்மா. அதுலதான் அவ நிறைய இருந்திருப்பா."

இப்போதும் ஒதுக்கியதை அழிக்குமுன், கதவுக்கு வெளியே செருப்பு கிடக்கிறதா என்று பார்க்கிறேன்.