ஒருமுறை சொன்ன வேண்டாம்

என்னால் சும்மா இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வருத்தத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலையை விட்ட பிறகு டூங்கபி வீட்டில் குசினி அலுமாரியில் இருக்கிற சட்டிபானையை இறக்கி அடுக்குவேன். அடுத்த கிழமை அந்த அடுக்கு பிடிக்காமல் திரும்ப இறக்குவேன். ரெயில் நிலையத்தில் எல்லோரும் வாங்கில் ஆறுதலாகக் குந்தியிருக்க, நான் மட்டும் மேடையின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடந்துகொண்டிருப்பேன். ஒருமுறை ஒரு காவலாளி வந்து, எல்லாம் சரிதானே என்று விசாரித்தான். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்ப நடந்தேன்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மனுசன் கதிரையில் இருந்தார். பைபாஸ் செய்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யன்னலோரக் கதிரை, மடியில் ஐபாட், அதில் ஊர்ச் செய்தி. ஒரே செய்தியை நாலு பேர் நாலு விதமாகக் கத்த, அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். பரமட்டாவில் கணக்காளராக இருந்தவர். கலியாண வீடுகளில் இவர் இருக்கிற மேசையில்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். நெஞ்சு திறமாக இருக்கிறது, வெளியில் போங்கள், நடவுங்கள், ஆட்களோடு பழகுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். இந்த மனுசன் அந்தக் கதிரையிலேயே முடிந்துவிடப் போகிறார் என்று எனக்குப் பயம். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அவர் காலைத் தூக்கச் சொல்லி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தக் கதிரைக்குக் கீழே கூட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மெல்பேர்னில் இருக்கிற மகளுக்கு இரண்டு பேரையும் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "அம்மா, ஜொயின் சம்திங், ப்ளீஸ்" என்றாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "ஹீ இஸ் ஃபைன், யூ ஆர் த ப்ரொப்ளம்" என்றாள். கேட்டுக்கொண்டு இருந்தேன், என்ன செய்வது!

அந்தக் கோபத்தில் நூலகத்துக்கு நடந்தபோதுதான் விளம்பரப் பலகையில் அந்தத் தாளைக் கண்டேன். ஆங்கில நாட்டுப்புற நடனம், ஞாயிறு பின்னேரம், தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம். கூட ஆள் வேண்டியதில்லை, அனுபவம் வேண்டியதில்லை, விசேட உடுப்பும் வேண்டியதில்லை. ஒன்றுமே வேண்டாத இந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

ஞாயிறு சாப்பாடு முடிய அவரிடம் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, டான்ஸ் ஒண்டு இருக்காம். வாறீங்களோ?"

"உந்த வயசில டான்சோ? இல்லை, நீர் போட்டு வாரும்."

"சரி" என்று கைப்பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

மண்டப வாசலில் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே ஒருவரும் கழற்றவில்லை என்று கண்டு திரும்பப் போட்டேன். இருபது பேரளவில் இருந்தார்கள், அநேகமாக என்னைவிட மூத்தவர்கள். ஒருவர் வயலின், ஒரு அம்மா பியானோ. நெடிய பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து, அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது, யாருடைய கையைப் பிடிப்பது என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரக் கதிரையில் இருந்தேன்.

காற்சட்டைக்குத் தோள்பட்டி போட்ட ஒரு கிழவர் வந்து, என்னோடு ஆடுவீர்களா என்று குனிந்து கேட்டார். நான் கதிரையின் கையைப் பிடித்துப் பாதி எழும்பினேன். எழும்பிக்கொண்டே, "நோ, நோ, தாங்க்யூ, சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று சிரித்தேன். அவரும் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். போயே போய்விட்டார்! பாதி எழும்பிய நான் அப்படியே திரும்ப இருந்தேன். அடுத்த ஆட்டத்துக்குச் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் அதே நோ, அதே பாதி எழும்பல். அவளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு குருவியும் என் பக்கம் வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வேண்டாம் என்போம். சும்மா கொஞ்சமாவது என்பார்கள். ஐயோ வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டோம் என்போம். அதெப்படி, எங்கள் வீட்டில் சாப்பிடவில்லையே என்று தட்டை வைப்பார்கள். பிறகு இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிடுவோம். கேட்டவுடனே ஓம் என்றால் காய்ந்து கிடந்தது போலாகிவிடும். வேண்டாம் என்பது வாசலில் காலைத் துடைக்கிற மாதிரி ஒரு காரியம். துடைத்துவிட்டு உள்ளே வருவோம்.

அன்று முழுவதும் முழங்கால் துடிக்கத் துடிக்க இருந்தேன். தேநீர் நேரத்தில் பொறுக்க முடியாமல் மைக் பிடித்த பெண்ணிடம் போய், ஏன் என்னை ஒருவரும் கூப்பிடுகிறார்கள் இல்லை என்று கேட்டேன். அவள் திகைத்துப் போனாள். கூப்பிட்டார்களே, நீங்கள்தான் நோ சொன்னீர்கள் என்றாள். இங்கே யாரும் யாரையும் ஆட்டத்துக்கு அழைக்கலாம், நோ சொன்னால் அது நோ, திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை, அதுதான் மரியாதை என்றாள். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வந்து கையைப் பிடிச்சு இழுப்பினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனீராக்கும்!" என்றார். அவர் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலம். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த ஞாயிறும் போனேன்.

இரண்டாம் முறை, தோள்பட்டிக்காரர் வாயைத் திறக்க முதலே யெஸ் என்றேன். அதன் பிறகு நான் ஒரு ஆட்டமும் விட்டதில்லை. இந்த நடனத்தில் இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். எதிரே நிற்பவர் உங்கள் சோடி. பக்கத்துச் சோடியோடு கைகோத்துச் சுற்றி, குறுக்கே கடந்து, ஒரு சுற்று முடிய வரிசையில் ஓரிடம் தள்ளிப்போய் அடுத்த சோடியைச் சந்திக்க வேண்டும். ஒரு இடத்திலும் தங்க முடியாது. அட, எனக்கென்றே செய்த ஆட்டம்! இரண்டே இரண்டு கரைச்சல்தான். ஒன்று, இரண்டு பேர் ஒருவரையொருவர் சுற்றி நடக்கும்போது கண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆம்பிளையின் கண்ணை நான் எங்கே பார்த்தேன், கட்டினவரின் கண்ணையே நேராகப் பார்த்து எத்தனை வருசம். முதலில் எல்லோருடைய காதையும் பார்த்து ஆடினேன், பிறகு பழகிவிட்டது. மற்றது, வரிசையின் கடைசிக்கு வந்தால் சந்திக்கச் சோடி இருக்காது. அடுத்த சுற்று வரும்வரை சும்மா நின்று பார்க்க வேண்டும். அந்த அரை நிமிசம் எனக்கு உயிர் போகும்.

மண்டபத்துப் பழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம். எவ்வளவு நேரம் மிச்சம்! ஒருநாள் கோயிலில் பழக்கமான ஒரு அன்ரி வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றார். சரி அன்ரி என்று நான் பக்கத்தில் இருந்து கதைத்தேன். அவர் குசினிப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கதைத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளி கோயிலில் கதை பரவியிருந்தது. டான்ஸுக்குப் போய் அவ வெள்ளைக்காரியாகிவிட்டா, வாய் நனைக்கப் பச்சைத் தண்ணியும் இல்லை.

இதையும் கொண்டுவந்து இவரிடம் கொட்டினேன். "வேண்டாமெண்டு சொன்னவவுக்கு நான் என்ன, பிடிச்சுப் பருக்கிறதோ?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஐபாட்டைக் கவிழ்த்து வைத்தார். "மனுசி உம்மட தேத்தண்ணிக்கெண்டே வெறும் வயித்தோட வந்திருப்பா. திருப்பிக் கேட்டிருக்க வேணும்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே அதற்கெல்லாம் பொறுமை. அடுப்பில் குழம்பு என்று எழும்பிவிட்டேன்.

ஞாயிறுதோறும் அவரைக் கேட்பேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. "வாறீங்களோ?" "இல்லை, நீர் போட்டு வாரும்." "சரி, போட்டு வாறன்." வாசற்கதவைச் சாத்தும் சத்தத்தில் என் கோபம் முழுவதும் இருக்கும். ரெயிலில் போகும்போதெல்லாம் ஒரே நினைப்பு. நான் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கதிரையில் ஏதாவது நடந்துவிட்டால்? திரும்பி வந்து கதவைத் திறந்தவுடன் ஐபாட் சத்தம் கேட்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவுடன் ஆறுதல், அடுத்த நிமிசமே அந்தச் சத்தத்தின் மேல் எரிச்சல்.

பிறகு ஒரு ஞாயிறு ரெயில் பாதையில் திருத்த வேலை என்று ரெயிலுக்குப் பதிலாக பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸை நம்பினால் ஆட்டம் முடியத்தான் போய்ச் சேரலாம். நான் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்து ரெயில்வேக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் பொலிஷ் மணம். இவர் படியில் குந்தியிருந்து, அலுவலகத்துக்குப் போட்ட கறுப்புத் தோல் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உது என்னத்துக்கு இப்ப?"

"சும்மா கிடந்து பூஞ்சணம் பிடிக்குது" என்றார். பிறகு நிமிராமலே, "நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

வாறீங்களோ என்று அன்று நான் கேட்கவேயில்லை. கொண்டுபோய் விடுகிறவரிடம் என்ன கேட்கிறது. மண்டபத்தடியில் நான் இறங்க, அவரும் இறங்கினார். காருக்குள் வெக்கை என்றார். உள்ளே வந்து, நான் முதல்நாள் இருந்த அதே சுவரோரத்தில் இருந்தார்.

மைக் பிடிக்கிற பெண் நேரே அவரிடம் போனாள். நான் வரிசையில் நின்றதால் சத்தம் கேட்கவில்லை, வாயசைவு விளங்கியது. நோ, நோ, தாங்க்யூ. அவள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வந்துவிட்டாள். ஆட்டம் தொடங்கியது. எனக்கும் தோள்பட்டிக்காரருக்கும் ஓரிடம் ஓரிடமாகத் தள்ளி வரிசையின் கடைசி வந்தது. சும்மா நிற்கும் அந்த அரை நிமிசம்.

சிவப்புக் கண்ணாடிப் பெண் அந்த ஆட்டத்துக்குச் சோடி இல்லாமல் நின்றவள், அவரிடம் போய்க் குனிந்தாள். அவர் கதிரையின் கையைப் பிடித்துப் பாதி எழும்பினார். எழும்பிக்கொண்டே நோ, நோ என்று சிரித்தார். அவள் திரும்பிவிட்டாள். அவர் அப்படியே திரும்ப இருந்தார். கதிரைக்குக் கீழே, மினுங்குகிற அந்தக் கறுப்புச் சப்பாத்தின் நுனி வயலினுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அட கடவுளே, இந்த மனுசன்!

அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டது கேட்டது. நான் வரிசையை விட்டு நடந்தேன். பின்னால் தோள்பட்டிக்காரர் சோடியில்லாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றதும், அந்த முனையில் வரிசை குழம்பியதும் தெரிந்தது. மன்னிப்பெல்லாம் பிறகு கேட்டேன்.

"எழும்புங்கோ."

"சீச்சீ, எனக்கு உது தெரியாது. நீர் போய் ஆடும்."

"எனக்கும் தெரியாமத்தான் வந்தனான். எழும்புங்கோ."

"ஆக்கள் பாக்கினம். வேண்டாமப்பா."

சிவப்புக் கண்ணாடிப் பெண் வந்து என் கையை மெதுவாகத் தொட்டு, அவர் நோ சொல்கிறார் என்றாள். நல்ல மனுசி, அவள் இடத்து மரியாதை அது. இல்லை, இவர் இன்னும் நோ சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் அவளுக்குச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்தேன். "வாங்கோ எண்டுறன்."

எழும்பினார். எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இவள் விட மாட்டாள்" என்று அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் முறையிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த ஆட்டத்தில் எனக்கு எதிரே நின்றார். இடம் என்றால் வலம் திரும்பினார், எல்லோருடைய காலையும் மிதித்தார், ஒவ்வொரு மிதிக்கும் ஏதோ சொல்லி மிதிபட்டவர்களைச் சிரிக்க வைத்தார். கண்ணைப் பார்த்துக்கொண்டு சுற்றி நடக்கிற கட்டம் வந்தது. அவர் என் காதைப் பார்த்தார். கண்ணைப் பார்க்க வேணும் என்று சொன்னேன். பார்த்தார்.

"இவ்வளவு நாளும் ஏன் வரேல்லை?" என்று நடந்துகொண்டே கேட்டேன். "ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனான்தானே?"

"ஓம், கேட்டனீர்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "ஒருக்காத்தானே கேட்டனீர்."

பதில் சொல்ல நான் வாயைத் திறக்க, சுற்று முடிந்து வரிசை எங்களை அடுத்த சோடியிடம் தள்ளிக்கொண்டு போனது.