ஒரு மாத அவகாசம்

கண்காட்சிக்கு இரவல் வாங்கிய பொருளை, அது முடிந்து முப்பது நாளுக்குள் உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. உடையவர் ரசீதைக் காட்ட வேண்டும் என்பது உட்பிரிவு. விதியை மறந்தாலும் உட்பிரிவை எந்த அலுவலகமும் மறப்பதில்லை. பணியில் இருந்தவரை நானும் மறந்ததில்லை.

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது எங்கள் வலியசாலை வீட்டுச் சுவரில், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஜப்பானியப் படம் ஒன்று இருந்தது. சாலைக் கடைத்தெருவில் பீங்கான் கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு முதலாளி கொடுத்தது. படத்தில் ஒரு நகரத் தெரு. புதுச் செங்கல் கட்டடங்கள், தந்திக் கம்பங்கள், குதிரை இழுக்கும் டிராம். நடுவில் தொப்பியும் கோட்டும் போட்டு, காலில் மட்டும் பழைய மரச்செருப்போடு ஒருவர். வேட்டிக்கு மேல் கோட்டுப் போடும் அப்பாவின் சாயல். டிராம் அவர்மேல் மோதிவிடவில்லையே என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன்.

ஊரிலிருந்த அரசுக் கலைக்கூடம் அதைக் கண்காட்சிக்கு வாங்கிப்போய்த் திருப்பவில்லை. போய்க் கேட்டால் ரசீது எங்கே என்றார்கள். அது வீட்டில் எங்கோ இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருஷமே ஆன அப்பாவுக்கு மலையாளம் எழுத வராது. மனுவை நான் எழுதினேன்.

“படத்து விஷயமா ஒரு மாச அவகாசம் வேணும்னு எழுதுடி. ரசீதைக் காணலைன்னு எழுதி வைக்காதே.”

அப்படியே எழுதினேன். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. எங்கள் பாடத்தில் அந்தச் சொல் இன்னும் வந்திருக்கவில்லை.

மனுவை வாங்கிப் படித்த கலைக்கூடக் குமாஸ்தா அப்பாவிடம் கேட்டார்: “சாமிக்கு இதில் அவகாசம் உண்டோ?”

“ஒரு மாசம் போறும் சார்.”

“ஒரு மாசத்தேக்கு மாத்ரமோ? அது கழிஞ்ஞால்?”

“அப்புறம் படத்தை எடுத்துண்டு போயிடுவேன்.”

மனு அடுத்த மேஜைக்குப் போனது, அதற்கடுத்த மேஜைக்கும். எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். என் கையெழுத்தின் அழகு என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். “பாத்தியா, வாங்கி வாங்கிப் படிக்கறா” என்றார் அப்பா.

மறுவாரமே ரசீது கிடைத்தது. ஆனால் அதற்குள் உரிமைத் தகராறு என்று கோப்பு திறந்தாகிவிட்டது. தகராறு தீராமல் ரசீதை வாங்க விதியில்லையாம். பள்ளிக்குப் போகும்முன் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்துவிட்டுப் போனேன். பல வருஷம்.

பிறகு பதில் வந்தது. கோரிய ஒரு மாத அவகாசம் அனுமதிக்கப்படுகிறது, மனுத் தேதியிலிருந்து கணக்கிட்டதில் அது காலாவதியாகிவிட்டது, கோப்பு மூடப்படுகிறது. வந்த தேதியை நான் மறக்க வழியில்லை. அரசு வேலையில் சேரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்ததும் அன்றுதான்.