அப்பா திரும்பி வந்த ஸ்டேசன்

இந்த நன்றி மடலை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டவன் நான். "நீ அப்பாவ கிண்டல் பண்ணித்தான் எழுதுவ" என்று அக்காவும் பயந்தார். எழுதத்தான் போகிறேன். அப்பாவுக்கு அது பழக்கம்தான்.

அப்பா பிறந்தது பூண்டுலோயாவில். சின்ன வயதிலேயே வட்டவளைக்கு வேலைக்கு வந்து, கங்காணியாகி, காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்து, கொழுந்து பறிக்கும் பெண்களை மலைக்கு அழைத்துப் போனார். தேயிலைக்கு நடுவே ஒருவர்தான் நடக்கலாம். அதனால் அப்பா முன்னால், அம்மா பின்னால். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

வேலையிலிருந்து நின்றதும் நானும் அக்காவும் இருவரையும் கோலாலம்பூருக்கு அனுப்பிவைத்தோம். சும்மா ஊர் சுற்றுவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பூங்காவில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் லொறியே போகக்கூடிய நடைபாதையிலும் ஒற்றை வரிசைதான்! "ஏம்ப்பா, அங்கயும் பெரட்டு எடுக்கிறீங்களா?" என்று போனில் சீண்டினேன்.

மறுநாள் ரயிலில் அப்பா முன்னால் ஏறினார். அம்மா ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. போன் அப்பாவிடம் இருந்தது. அம்மாவின் கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும். தங்கியிருந்த ஓட்டலின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது.

ஹட்டனில் நண்பன் செல்வத்தின் கடையில் நான் இருந்தபோது அப்பா அழைத்தார்.

"தம்பி, அம்மாவ விட்டுட்டேன்டா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அடுத்த ஸ்டேசன்ல எறங்கி நிக்கிறேன். ரெண்டு ரயிலு போயிருச்சு. பின்னாலயே வந்துருவான்னு பார்த்தா, காணோம்."

"அம்மா வரமாட்டாங்கப்பா. மலையில பனி மூடுனா பொம்பளைங்கள என்ன செய்யச் சொல்லுவீங்க?"



"நின்ன எடத்துலயே நில்லுங்க, நான் வந்து கூப்புடுறேன்னு சொல்லுவேன்."

"அம்மா அதத்தான் செய்வாங்க. நீங்கதான் திரும்பிப் போகணும்."

"எந்தப் பக்கம்டா ஏறணும்?" அப்பாவின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

"எதிர்ப்பக்கம்..." என்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் மணி அடிக்கவில்லை. செல்வம் வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. அப்பா வேறு ரயிலில் ஏறியிருந்தால் இரண்டு பேரையுமல்லவா தேட வேண்டும்!

ஒருவழியாக அழைப்பு வந்தது. பேசியது அம்மா.

"டேய், இந்த மனுசன் ஸ்டேசன்ல நின்னு, மலையில கூவுற மாதிரி 'கூ'ன்னு கூவுறாருடா! ஊரே பாக்குது. வெக்கமா இருக்கு!"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அப்பா அம்மாவின் பக்கத்தில்தான் நடந்தார். ஒற்றையடிப் பாதை வந்தால் அம்மாவை முன்னால் விட்டார்.

இந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசை அண்ணன்மாரே, வழுக்குப் பாதையில் அவரைத் தோளில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். ஆசுபத்திரியில் மாறி மாறிக் காவல் இருந்தீர்கள். அக்காமாரே, எங்கள் வீட்டு அடுப்பை அணையவிடாமல் சோறாக்கிப் போட்டீர்கள். அப்பா பிழைக்கவில்லை; ஆனாலும் உங்களை எப்படி மறப்போம்?

அம்மா மட்டும் இன்னும் ஒன்றையே கேட்கிறார்: "மறுபடியும் முன்னால போயிட்டாரே, நான் எங்கடா போய்த் தேடுவேன்?"

இதுவரை எழுதியதைச் செல்வத்திடம் வாசித்துக் காட்டி, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன்.

"இந்தத் தடவ அப்பா நின்ன எடத்துலயே நிப்பாருடா, அம்மாவ அவசரப்படாம வரச் சொல்லு."