அண்ணன் சேறு பூசிய டாங்கி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. எழுத்தில் தடுமாற்றம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லாததால் தங்கையாகிய நான் எழுதுகிறேன். அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அண்ணன் என்றாலே அந்தத் தசரா வாரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை நினைத்தால் எனக்கு அழுகை நின்று படபடப்பும் சிரிப்பும் வந்துவிடுகின்றன.

அண்ணன் பிறந்தது செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அரக்கோணத்திலிருந்து வந்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டராகச் சேர்ந்தவர். அண்ணன் பாலிடெக்னிக் முடித்த வருடமே அப்பா காலமானார். அம்மாவின் ஆஸ்துமா, என் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அண்ணன் தலையில் விழுந்தன. தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, எனக்கு மகள் பிறந்த பிறகுதான் குடியாத்தத்திலிருந்து அண்ணியை அழைத்து வந்தார். இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நாங்களாகப் பேச்செடுத்தால், "போதும், சாப்புடு" என்பார்.

காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில் அண்ணன் தரப் பரிசோதகராக இருந்தார். நகக்கீறல் அளவு கோடு தெரிந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட் சார்'. வீட்டிலும் அதே கண்தான். என் கல்யாணத்துக்கு வந்த பீரோவை டார்ச் அடித்துப் பார்த்து, கதவோரம் ஒரு கீறல் இருக்கிறது என்று வண்டியோடு திருப்பி அனுப்பியவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

ஓய்வு பெற்றதும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து போவன்பள்ளியில் பிளாட்டுக்குக் குடிவந்தார்கள். அடுத்த வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அலையக் கூடாது, பதற்றப்படக் கூடாது, அமைதியாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் ஒரு டாங்கி வாங்கினார்.

பிளாஸ்டிக் துண்டுகளாக அட்டைப் பெட்டியில் வரும். ஒட்டி முடித்தால் ஒரு சாண் நீளம். சக்கரம், சங்கிலிப்பட்டை, பீரங்கிக் குழாய் எல்லாம் நிஜத்தைப் போலவே இருக்கும். ஏன் டாங்கி என்று கேட்டதற்கு, ஆறாம் வகுப்பு படிக்கும்போது போலாரத்தில் பார்த்த காட்சியைச் சொன்னார். பெரிய மழை பெய்த மறுநாள், ராணுவ மைதானத்தில் ஒரு டாங்கி ஒருபக்கமாகச் சேற்றில் புதைந்து நின்றதாம். சிப்பாய்கள் மண்வெட்டியை வீசிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார்களாம். ஒருவருடைய பூட்ஸைச் சேறு விழுங்கிவிட்டது; அவர் ஒற்றைக் காலில் நின்றபடி எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாராம்.

"எவ்ளோ பெரிய டேங்க் பாப்பா! தம்மாத்தூண்டு சேறு புடிச்சு நிறுத்திடுச்சு!" என்று அறுபது தாண்டிய வயதில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தக் காட்சியை அப்படியே மேசைமேல் கொண்டுவந்துவிட வேண்டும். அண்ணனின் ஆசை இவ்வளவுதான்.

செகந்திராபாத்தில் மாடல் செய்பவர்கள் தசரா முடிந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆண்டுதோறும் கண்காட்சி வைப்பார்கள். அண்ணன் முதல் டாங்கியை அங்கே கொண்டுபோனார். அதைப் பார்வையிட வந்த நடுவர் ரஹீம் சாப் பல் டாக்டர். பல் கிளினிக் கருவிகளை வைத்தே மாடல் செய்கிறவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்ட் தோ ஏ ஒன் சாப். மகர் இத்னா சாஃப் கைக்கு? டாங்கி ஹை, தூலே கி காடி நை." இவ்வளவு சுத்தம் எதற்கு, இது டாங்கியா, மாப்பிள்ளை ஊர்வலக் காரா என்று அர்த்தம். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அன்று தொடங்கியது சேறு. ஒரு வருடம் முழுக்கச் சேறு. போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கிற இடத்துக்குப் போய், உருளைக்கிழங்கில் ஒட்டி வரும் மண்ணைக் கேட்டு வாங்குவார். வியாபாரி யாதகிரி முதல்நாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏம் சார், ஆலுகட்ட வத்தா, மட்டி காவாலா?" என்றாராம். கிழங்கு வேண்டாமா, மண்தான் வேண்டுமா? "ஹவ் பாய், மட்டிதான்" என்று அண்ணன் பையை நீட்டினாராம். அந்த மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, வெள்ளைப் பசையும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிக் கலப்பார். அண்ணியின் டீ வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அண்ணன் டாங்கி செய்யும் அறைக்குள் போய்த் திரும்பி வராமலே போயின.

ஆனால் சேறு கைக்கு வந்தும் டாங்கி அழுக்காகவில்லை. பெயிண்ட்டை விளிம்புகளில் உரிந்ததுபோலக் காட்ட வேண்டும்; அங்கங்கே துரு தெரிய வேண்டும். அண்ணனின் பிரஷ் விளிம்புவரை போகும், திரும்பி வந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் கீறலைத் தேடித் தேடி ஒதுக்கிய கைக்குக் கீறல் போட வரவில்லை. போட்ட கீறல்களும் கோலப்புள்ளிபோல வரிசையாக, சம இடைவெளியில் நின்றன. சேற்றைப் பூசினால் அதுவும் ஒரே சீராக இருந்தது.

"கேக்குக்கு க்ரீம் தடவின மாதிரி இருக்குங்க" என்றார் அண்ணி.

"நீ வேற" என்றார் அண்ணன். ஆனால் அவருக்கும் தெரிந்தது. "இந்தத் தடவையும் மாப்பிள்ளைக் கார்னு சொல்லிட்டாங்கன்னா விட்டுடுவேன் பாப்பா. என் கைக்கு இது வராதுன்னு ஆயிடும்" என்று என்னிடம் சொன்னார். அப்படி அவர் எதையும் விட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. அன்று காலை அண்ணன் பழைய தொழிற்சாலைப் பூஜைக்குப் போயிருந்தார். மதியம் அண்ணியிடமிருந்து போன்.

"பாப்பா, கொஞ்சம் வரியா? உங்கண்ணன் பேசவே மாட்டேங்கறாரு."

"வேர்க்குதா அண்ணி? மூச்சு வாங்குதா? கை வலிக்குதுங்கறாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் டேங்கைக் கழுவிட்டேன்."

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பேசவில்லை என்றது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. என் மகள் போனை எடுக்கத் தாமதமானாலே ஆஸ்பத்திரி வாசல்வரை நினைத்துவிடுகிற ஆள் நான். தார்நாகாவிலிருந்து ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் சாமந்தி மாலை போட்ட வண்டிகள். கடைக்குக் கடை பூசணிக்காய் உடைக்கிறார்கள். டிரைவரை விரட்டினால், "பண்டகக்கி ஆராமா போலாம் மேடம்" என்று சிரிக்கிறார். பண்டிகை நாளில் நிதானமாகப் போகலாமாம்.

போய்ப் பார்த்தால் அண்ணன் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் டாங்கி. ஒரு பொட்டுச் சேறு இல்லை. முன்பக்கம் சந்தனம், நடுவில் குங்குமம், பீரங்கிக் குழாயில் ஒரு சாமந்திப் பூ, சங்கிலிப்பட்டைக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சேன். இது மட்டும் சேறும் சகதியுமா சாமி முன்னாடி நிக்கலாமா? இதுவும் வண்டி, ஆயுதம் வேற. பூசைக்குக் கழுவிட்டு, நாளைக்கு மறுபடி பூசிக்கட்டும்னு நெனச்சேன் பாப்பா. சேறுதானே!"

நான் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது.

"பாப்பா, கைய விடு. டார்ச்சை எடு. இங்க அடி" என்றார்.

அடித்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு விளிம்புவிளிம்பாகப் பார்த்தார். பீரோவைப் பார்த்த அதே பார்வை.

"எதால தேய்ச்ச?"

"கம்பி நார்தான்" என்றார் அண்ணி. "சுடுதண்ணில ஊற வெச்சு, லேசாத்தாங்க தேய்ச்சேன்."

"எங்கெங்க தேய்ச்ச?"

"கை எட்டின எடத்துலல்லாம்."

அண்ணன் மேசையைத் தட்டினார். எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. "அதான்! கை எட்டின எடம்! சிப்பாய் ஏறுறான், எறங்குறான், அவன் கையும் பூட்ஸும் படற எடமெல்லாம் அதானே! மூடியோட கைப்பிடி பாரு பாப்பா, மட்கார்டு முனை பாரு. அப்படியே தேஞ்சிருக்கு! வருசம் பூரா எனக்கு வரல, இவ ஒரு கம்பி நாரால பண்ணிட்டா!"

நானும் பார்த்தேன். பெயிண்ட் விளிம்புகளில் மட்டும் ஒழுங்கில்லாமல் உரிந்து அடிப்பூச்சு தெரிந்தது. சக்கர இடுக்குகளில் கழுவியும் போகாத மண் வெளிறிக் காய்ந்து படிந்திருந்தது. அது போன மழையின் சேறாம். அதற்கு மேல் இந்த மழையின் சேறு கறுப்பாக, ஈரமாக வர வேண்டுமாம். அழுக்குக்கும் வயது உண்டு என்று அன்றுதான் தெரிந்தது என்றார் அண்ணன். அண்ணி குங்குமத்தைத் துடைக்கக் கை நீட்டினார். "நக்கோ, நக்கோ! அது இருக்கட்டும். பட்டாளத்துலயும் டேங்குக்குப் பொட்டு வெப்பாங்க" என்று அண்ணன் தடுத்தார். பிறகு எழுந்து நின்று, "சுண்டல் இருக்கா?" என்று கேட்டார். அண்ணி அழுகையும் சிரிப்புமாக அடுப்படிக்கு ஓடினார்.

அந்த வாரம் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், எப்படிப்பட்ட வாரம் அது! அண்ணி அறைக்குள் நுழையத் தடை. "உள்ள வந்தா மறுபடி சுத்தம் பண்ணிடுவே" என்று அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார். வங்கி வேலை முடிந்ததும் நான் நேரே அங்கே போய்விடுவேன். மாத்திரை போட்டாரா என்று பார்ப்பது ஒரு வேலை, சேறு கலக்குவது ஒரு வேலை. பலகைமேல் மைதானம் உருவானது. சக்கரத் தடங்களில் வார்னிஷ் ஊற்றியதும் மழைத்தண்ணீர் தேங்கியதுபோல மின்னியது.

டாங்கியைச் சேற்றில் இறக்குவதுதான் கடைசி வேலை. பசை இறுகுவதற்கு முன் ஒரே அமுக்கில் இறங்க வேண்டும். எடுத்துத் திரும்ப வைத்தால் தடம் கெட்டுவிடும். டாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றார்.

"பாப்பா, மூச்சு விடாத."

"நீ விடு அண்ணா, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்!"

அமுக்கினார். ஒரு பக்கம் ஆழமாக இறங்கியது. சக்கரங்களுக்கு நடுவே சேறு பிதுங்கி மேலே வந்து, சங்கிலிப்பட்டைமேல் வழிந்து, நின்றது. அண்ணன் கையை எடுத்தார். டாங்கி புதைந்து நின்றது, சத்தியமாகப் புதைந்து நின்றது. நான் கத்தியே விட்டேன். வெளியிலிருந்து அண்ணி, "என்ன ஆச்சு? உள்ள என்ன ஆச்சு?" என்று கதவைத் தட்டுகிறார். புனேயில் வேலை பார்க்கும் என் மகளுக்குப் படம் அனுப்பினேன். "மாமா, க்யா கீச்சட் ஹை! சூப்பர்!" என்று உடனே பதில் வந்தது. என்ன சேறு, என்ன சேறு என்கிறாள். அண்ணன் அதை நாலு தடவை வாசிக்கச் சொன்னார்.

கண்காட்சியன்று ஹாலில் அண்ணன் தன் மேசைக்குப் பின்னால் நிற்க முடியாமல் நின்றார். ரஹீம் சாப் வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"கித்தே பார் தோயே சாப்?" என்றார். எத்தனை தடவை கழுவினீர்கள்?

அண்ணன் சிரித்துவிட்டார். "ஏக்கீச் பார். கர்வாலி தோயீ." ஒரே தடவை, கழுவியது வீட்டுக்காரி. ரஹீம் சாப் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஆனாலும் அண்ணன் முகத்தில் திருப்தி இல்லை. "அவரு நம்மாளு பாப்பா, வேலை தெரிஞ்சவரு, நுணுக்கத்தைப் பாக்குறாரு. சும்மா பாக்குறவங்களுக்கு இது சேறுன்னு தோணுதா, அதுதான் எனக்குத் தெரியணும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் அண்ணி, ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு, அரக்குப் பட்டுப்புடவையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழுவின நாளுக்குப் பிறகு டாங்கியை அவர் பார்க்கவே இல்லை. மேசையை நெருங்கியதும் சட்டென்று கொசுவத்தை அள்ளி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார்.

"ஏங்க, இன்னும் காயலையா? புடவைல ஒட்டிக்கும்!"

அது காய்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் பதிய இறுக்கினார். அன்று ஏதோ ஒரு பரிசும் கொடுத்தார்கள். எந்தப் பரிசு என்று பிறகு கேட்டவர்களிடம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து வந்த பொங்கல் கழிந்த வாரத்தில், ஒரு காலை, காபி குடித்துவிட்டுப் பேப்பர் எடுக்கக் குனிந்த அண்ணன் நிமிரவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் மேசையில் அடுத்த பெட்டி பிரித்துக் கிடந்தது. இந்தமுறை புழுதியாம்; சேற்றைவிடக் கஷ்டமாம். கடைசி வாரம் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று காரை எடுத்து ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், கடைசிவரை முயன்ற மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், அரக்கோணத்திலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் இரவோடிரவாக ரயில் ஏறி வந்த சொந்தங்களுக்கும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வெகுநேரம் எங்களோடு உட்கார்ந்திருந்த ரஹீம் சாபுக்கும், பதினோராம் நாள் சமையலுக்குக் காய்கறி முழுவதையும் தானே கொண்டுவந்து இறக்கிய யாதகிரிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இதை எழுதப்போவதாகச் சொன்னபோது அண்ணி கோபித்துக்கொண்டார். "நான் என்ன பாராட்டினேன்? நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லலையே பாப்பா. பட்டுப்புடவை பாழாயிடுமேன்னு பயந்தேன், அவ்வளவுதான்."

அந்தப் பயத்துக்குத்தான் அண்ணி, நன்றி.