தவிட்டுக்கு வாங்கிய பெண்ணின் காகிதங்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, காகிதத்தின்படி நான் இரண்டு பேராக இருந்தேன். அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருஷம் அம்மாவுக்கு நியூசிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. காஞ்சிபுரத்தில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. அப்பாவும் நானும் கூடவே போகலாம். ஆனால் நான் அவர்களுடைய பிள்ளைதான் என்பதற்குக் காகிதம் காட்டவேண்டும். காகிதம் சேராவிட்டால் அம்மா தனியாகப் போகவேண்டியதுதான்.

அப்பா லாரிப் பட்டறையில் ஃபிட்டர். எந்த எஞ்சினையும் பிரித்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பிப்பார். காகிதங்களையும் அப்படியே செய்தார். அம்மாவின் கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டிதான் எங்கள் வீட்டு ஆவணக் காப்பகம். அதிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினார். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு நட்டு வைப்பது என் வேலை. நட்டு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படித்தேன்.

நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரும் அம்மா பெயரும் சரியாக இருந்தன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. பெரியம்மா கொண்டுவந்து தந்த ரேஷன் கார்டில் என் பெயர் இருந்தது. ஆனால் அது பெரியம்மா வீட்டுக் கார்டு. குடும்பத் தலைவர் பெரியப்பா, மனைவி பெரியம்மா, மகள் நான். பள்ளிக்கூடச் சான்றிதழும் அதையேதான் சொன்னது. ஆக, எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. பெயர் உள்ள பெண் வேறு வீட்டில் இருந்தாள்.

"ரெண்டு பொண்ணு இருக்குதுப்பா" என்றேன். அப்பா சிரிக்கவில்லை.

காரணம் தெருவுக்கே தெரிந்ததுதான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னை முறத்தில் கிடத்தி, அம்மாவின் அக்காவுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். விற்ற பிள்ளையை எமன் தேடமாட்டான். விலாசம் மாறிவிட்டது என்று திரும்பிப் போய்விடுவான். பிள்ளை பெற்றவளாகப் பார்த்து விற்கவேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. கொடுத்தால் அக்காவுக்குத்தான் கொடுப்பேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாளாம்.

விற்ற பிறகும் நான் வளர்ந்தது அம்மாவிடம்தான். பெரியம்மா வீடு அடுத்த தெருவில். ஆனால் பேச்சளவில் விற்றது விற்றதுதான். இப்போது எழுதும்போது அம்மா என்று எழுதுகிறேனே தவிர, அன்று நான் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டேன். அப்பா அப்பாதான், பெரியம்மா பெரியம்மாதான்; அம்மா என்று மட்டும் யாரையும் கூப்பிட்டதில்லை. என்னை 'என் பொண்ணு' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. குழந்தைக்கு ஊசி போடாமல் வேப்பிலை அடிக்கும் பெண்களை வார்டில் நிற்கவைத்துத் திட்டுகிறவள் அவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் அந்த நர்ஸ் இல்லை.

பெரியம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். என்னைப் பள்ளியில் சேர்க்க அவள்தான் கூட்டிப் போனாள். யார் பிள்ளை என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு "என்னுதுதான் சார்" என்றாளாம். அத்தாட்சிக்கு ரேஷன் கார்டையும் நீட்டியிருக்கிறாள். அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

அப்பா சைக்கிளில் என்னையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாகப் போனார். சான்றிதழில் என் பெயரை எழுத நகராட்சியில் பள்ளிச் சான்று கேட்டார்கள். பள்ளியில் பெற்றோர் பெயரை மாற்ற ரேஷன் கார்டு கேட்டார்கள். ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுக்க, பெயரைச் சேர்த்தவரே நேரில் வந்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். போன இடமெல்லாம் பேனாவை மேசையோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை யார் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், ஓடி என்ன எழுதுவார்கள் என்று நான் வழியெல்லாம் அப்பாவைக் கேட்டேன். அவர் பெடலை மட்டும் மிதித்தார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடித்து வாங்கிய மனுவை அப்பா பெரியம்மா வீட்டில் வாசித்துக் காட்டினார். 'என் தங்கையின் மகள் பெயர் எங்கள் குடும்ப அட்டையில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது' என்று இருந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தாள்.

"இன்னாது, தவறுதலாவா? கியூவுல நின்னு நானே பேரு சொல்லி எழுதவெச்சேன். தப்பு எங்கேர்ந்து வந்துது?"

"அது ஆபீஸ் பாஷைக்கா. அப்பிடிப் போட்டாதான் பேர எடுப்பான்."

"அப்ப அந்த ஆபீஸ்காரனயே கையெழுத்துப் போடச் சொல்லு."

பெரியப்பா சமாதானத்துக்கு வந்தார். "தவிட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லுடி. அப்பால போடு."

"அந்தத் தவிடு இன்னா ஆச்சு பெரியப்பா?" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"மாடு துன்னுடுச்சு."

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் எங்களோடு கிளம்பி வந்தாள். கையெழுத்துப் போடுவதாக மட்டும் சொல்லவில்லை.

வழங்கல் அதிகாரியின் அறையில் கோப்புக் கட்டுகள் ஜன்னலைப் பாதி வரை அடைத்திருந்தன. அவர் மனுவைப் படித்தார், கார்டைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"யாரு கொழந்தைம்மா இது?"

காலையிலிருந்து அப்பா அம்மாவைப் பழக்கியிருந்தார். என் பொண்ணு சார் என்று சொன்னால் போதும், வேறு எதுவும் பேசவேண்டாம் என்று. அம்மாவும் தலையாட்டியிருந்தாள். வாயைத் திறந்தபோது பழகிய பேச்சுதான் வந்தது.

"அக்கா கொழந்த சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவங்க உனக்கு யாரு பாப்பா?"

என்னை யாரும் பழக்கியிருக்கவில்லை. "சின்னம்மா" என்றேன். சரியான பதில் சொன்ன திருப்தியோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதிகாரி மனுவை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். "யார்னா பெத்த புள்ளய வெளிநாட்டுக்கு இட்டுக்கினு போறதுக்கு என் கையெழுத்து கேக்குதா? போலீஸுக்குச் சொல்லட்டா?"

அப்பா என்னவோ சொல்ல ஆரம்பித்தார். "நீ இருப்பா. அந்தம்மா சொல்லட்டும்" என்று அதிகாரி தடுத்துவிட்டார். அம்மாவால் முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் வரும் இரவுகளில் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கூட்டிப்போகும் வழி அடைபடுவது அவளுக்குத் தெரிந்துதான் இருக்கவேண்டும்.

கதவோரம் நின்றிருந்த பெரியம்மா முன்னால் வந்தாள்.

"அவ சொல்லமாட்டா சார். சொன்னா புள்ளைக்கு ஆவாதுன்னு இத்தினி வருஷமா வாயக் கட்டிக்கினு இருக்கிறா. ரெண்டத் தூக்கிக் குடுத்தவ. பெத்தது அவதான். தவிட்டுக்கு வாங்கனது நானு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "எங்க அண்ணன்கூட தவிட்டுப் புள்ளதாம்மா. ஆனா அத எழுதறதுக்கு இங்க எடம் இல்ல. தவறுதலான்னுதான் போட்டாவணும். அந்தம்மாவும் ஒரு தபா வாயால சொல்லிடட்டும்."

பெரியம்மா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "சொல்லுடி. நான் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே ஒண்ணும் ஆவாது."

அம்மா சொன்னாள். "என் பொண்ணு சார்." விசிறிச் சத்தத்தில் அது சரியாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு என்னவோ கூச்சமாக இருந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியம்மா கயிறு கட்டிய பேனாவை எடுத்தாள். "தப்பாதான் சேத்தேன். போட்டுக்க சார்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால் என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு எங்கும் வளையவில்லை. எட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டேன். பெரியம்மா ஒரு வழியாகத் தன் பிடிவாதத்தை விட்டுவிட்டாள், எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் அப்பா பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அம்மா குடிக்கவில்லை, என் உச்சந்தலையில் கைவைத்தபடியே நின்றாள். பிறகு வீட்டுக்கு நடந்தோம். நல்ல சித்திரை வெயில். பட்டுக்கடை வாசல்களில் வெளியூர்க் கார்களைக் கைகாட்டி நிறுத்துகிறவர்கள்கூட நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். பெரியம்மா கார்டை எப்போதும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். அன்று அதை மூடவே இல்லை. உள்ளங்கையில் விரித்து வைத்தபடி நடந்தாள்.

"மடிச்சி வெச்சிக்கோ பெரியம்மா, வுழுந்துடும்" என்றேன்.

"மை காயட்டும்" என்றாள்.

சரியாகத்தான் சொல்கிறாள், ஈர மையோடு மடித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தெரு திரும்பும்வரை அந்தக் கார்டு அவள் கையில் திறந்தே இருந்தது. நானும் பக்கத்தில் எட்டி எட்டி நடந்து, சீக்கிரம் காயட்டும் என்று, சிவப்புக் கோட்டின் மேல் ஊதிக்கொண்டே வந்தேன்.